பொம்மைப் படைகளும் பழைய போர்களும்

சதுரங்கம் என்ற சொல்லுக்கு நான்கு அங்கங்கள் கொண்ட சேனை என்பது பொருள். யானை, குதிரை, தேர், காலாள் என்ற நால்வகைப் படையையும் ஒரு பலகைமேல் நிறுத்தி, இரத்தம் சிந்தாமல் போர் புரியும் வித்தையைக் கண்டது பாரத நாடு. அது பாரசீகம் சென்று, அரபு நாடுகளைக் கடந்து, ஐரோப்பாவை அடைந்தது. அங்கே அரசவைகளில் பல நூற்றாண்டுகள் உலவிய பின்னர், 1780-ஆம் ஆண்டில் பிரன்ஸ்விக் நகரத்து ஆசிரியராகிய ஹெல்விக் என்பவர், அறுபத்துநான்கு கட்டங்கள் போதா என்று கருதினார்; ஆயிரத்துக்கு மேற்பட்ட கட்டங்கள் வரைந்து, அவற்றில் ஆறும் ஊரும் அமைத்து, பீரங்கிகளையும் அங்கே நடமாடவிட்டார். இன்று பல நாடுகளில் பெரியவர்களே மிக்க ஈடுபாட்டுடன் ஆடிவரும் சிற்றுருவப் போர் விளையாட்டு, இந்த வழியில் வந்த பேரப்பிள்ளை. நம்முடைய பொருள் ஒன்று வட்டியோடு வீடு திரும்பியிருக்கிறது என்று எண்ணினாலும் தவறில்லை.

இவ்விளையாட்டில் கட்டங்கள் கிடையா. ஒரு மேசை, அதன்மேல் பச்சைத் துணி, துணிக்கு அடியில் இரண்டு புத்தகங்களை வைத்தால் குன்று, மேலே நீலக் காகிதத்தை ஒட்டினால் ஆறு. ஒரு விரற்கடை உயரமுள்ள பொம்மை வீரர்கள் அணியணியாக நிற்பார்கள். தையற்காரர் வைத்திருப்பது போன்ற அளவு நாடாவால் தூரத்தை அளந்து அவர்களை நகர்த்த வேண்டும். மோதல் நேரும்போது அதன் முடிவைப் பகடை சொல்லும். இவ்வளவும் எந்த வீட்டிலும் கிடைக்கக்கூடியவை. விலைக்கு வாங்க முடியாதது ஒன்றே ஒன்று, அது விதி. எந்தப் படை எவ்வளவு தூரம் நடக்கும், யார் யாரை வெல்லும், எப்போது ஒரு கூட்டம் மனமுடைந்து ஓடும் என்பனவற்றை வரையறுக்கும் விதி. அந்த விதியை இடைக்காலப் போர்களுக்கு ஏற்றபடி எவ்வாறு திருத்துவது என்பதைத்தான் நாம் இங்கே சொல்லப் புகுந்தோம்.

திருத்த வேண்டிய அவசியம் ஏன் வந்தது? இவ்விளையாட்டுக்கு முதன்முதல் விதி வகுத்தவர்கள் எல்லோரும் வெடிமருந்துக் காலத்தவர்கள். பிரஷ்யப் படையதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-இல் வெளியிட்ட விதிகளில், நிலப்படம் எட்டாயிரத்தில் ஒரு பங்கு அளவில் வரையப்பட்டது. ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடங்களைக் குறித்தது. பீரங்கிக் குண்டின் விளைவைப் பகடையும் நடுவரும் சேர்ந்து தீர்மானித்தனர். ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913-இல் 'சிறு போர்கள்' என்ற பொருள்படும் பெயருடன் ஒரு நூல் எழுதினார். அவருடைய ஆட்டத்தில் பகடைகூட இல்லை. வில்சுருள் வைத்த விளையாட்டுப் பீரங்கியால் சிறு மரத்துண்டைச் சுட்டு, எந்தப் பொம்மை விழுகிறதோ அது மாண்டதாகக் கொண்டார். காலாள் ஒரு முறைக்கு ஓர் அடி, குதிரை இரண்டடி. கைகலப்பில் ஒன்றுக்கு ஒன்று என்று இருபுறமும் பொம்மைகளை எடுத்துவிடுவது அவர் வழக்கம். எல்லோரும் ஒரே மாதிரித் துப்பாக்கியை ஏந்திய காலத்துக்கு இது பொருந்தும். தலைமுதல் கால்வரை இரும்புத் தகடு அணிந்த குதிரைவீரனையும், வெறுங்காலுடன் வில்லேந்திய குடியானவனையும் ஒன்றுக்கு ஒன்று என்று தள்ளிவிடலாமா?

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இங்கிலாந்தில் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன், டோனி பாத் முதலிய ஆர்வலர்கள் இவ்விளையாட்டை வளர்த்தனர். பழங்காலப் படைகளுக்கு விதி செய்வதில் டோனி பாத் முன்னோடி. அமெரிக்காவில் 1971-இல் கேரி கைகாக்ஸ், ஜெஃப் பெரன் என்ற இருவர் 'செயின்மெயில்', அதாவது சங்கிலிக் கவசம், என்ற பெயருடன் இடைக்காலப் போர் விதிநூல் ஒன்றை வெளியிட்டனர். அதன் பின்னிணைப்பில் மாயாவிகளும் பூதங்களும் வந்தார்கள். அங்கிருந்து வேறொரு விளையாட்டு கிளம்பி உலகமெல்லாம் பரவியது. அது தனிக் கதை. நமக்கு வேண்டியது அந்நூலின் முன்பகுதி. அதில் கவசத்தின் கனத்தையொட்டிக் காலாளும் குதிரையும் வகைவகையாகப் பிரிக்கப்பட்டு, எந்த வகை எந்த வகையோடு மோதினால் எத்தனை பகடை என்று பட்டியல் அமைந்தது.

மொழிபெயர்ப்பையே பிழைப்பாகக் கொண்ட நமக்கு இந்தத் திருத்த வேலை மிகவும் பழக்கமானதாகத் தோன்றுகிறது. துப்பாக்கி என்ற சொல்லை அடித்துவிட்டு வில் என்று எழுதிவிட்டால் விதி இடைக்காலத்துக்கு வந்துவிடாது. ஆங்கில வாக்கியத்தில் சொல்லுக்குச் சொல் தமிழை நிரப்பினால் அது தமிழாகிவிடாதது போல. வாக்கியத்தின் எலும்பையே மாற்றவேண்டும்.

பலரும் செய்கின்ற காரியம் வேறு. பழைய விதியை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு சரித்திரப் போரை ஆடிப் பார்க்கிறார்கள். சரித்திரத்தில் வென்ற படை மேசையில் தோற்றுவிடுகிறது. உடனே, வென்றவர்களுக்கு வீரம் அதிகம் என்று சொல்லி, அவர்களுடைய பகடைக்கு ஒன்றைக் கூட்டிவிடுகிறார்கள். இதை நாம் வீர மதிப்பெண் என்று அழைப்போம். அந்த ஒன்று எவ்வளவு பெரியது என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். இருவரும் ஆளுக்கு ஓர் ஆறுமுகப் பகடையை உருட்டினால் 36 விதமான முடிவுகள் உண்டு. சம பலமாயின் 15-இல் ஒருவனுக்கு வெற்றி, 15-இல் மற்றவனுக்கு வெற்றி, 6-இல் சமம். ஒருவனுக்கு ஒன்றைக் கூட்டினால் அவன் வெற்றி 21 ஆகிறது; எதிரியின் வெற்றி 10 ஆகச் சுருங்குகிறது. இரண்டைக் கூட்டினாலோ 26-க்கு 6. இவ்வளவு பெரிய வேறுபாட்டை ஓர் இனத்தின் வீரம், ஒரு நாட்டாரின் கோழைத்தனம் என்று பெயரிட்டு ஒரு வரியில் எழுதிவிடுவது எளிது. பள்ளிப் பாடங்களும் பல வேளைகளில் அப்படியே எழுதிவிடுகின்றன. அவ்விதமாக எழுதப்பட்ட விதி, அந்தப் போரைப் பற்றி ஒன்றையும் விளக்கவில்லை. முடிவைத் தெரிந்துகொண்டு அதைக் காரணத்தின் இடத்தில் வைத்திருக்கிறது.

ஓர் உதாரணத்தை எடுத்துக்கொண்டு பார்ப்போம். 1415-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள், வடபிரான்சில் அஜின்கோர் என்ற இடத்தில், ஐந்தாம் ஹென்றியின் ஆங்கிலப் படை பிரெஞ்சுப் படையை முறியடித்தது. ஆங்கிலேயர் தொகை சிறிது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் நெடுவில் ஏந்திய வில்லாளர்கள். பிரெஞ்சுத் தரப்பில் பெரும் பிரபுக்கள் கவசமணிந்து திரண்டிருந்தனர். பிரெஞ்சுப் படையின் தொகையைப் பற்றி வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் வழக்கு நடக்கிறது; 12,000 என்று ஆவணங்களைக் கொண்டு குறைத்துச் சொல்பவர்கள் உண்டு, அதைப்போல் இருமடங்குக்கு மேல் சொல்பவர்களும் உண்டு. குறைந்த கணக்கையே நாம் எடுத்துக்கொள்வோம்: ஆங்கிலேயர் 8,000, பிரெஞ்சுக்காரர் 12,000.

முதலில் அளவு. செயின்மெயில் நூலின்படி ஒரு பொம்மை 20 வீரர்களைக் குறிக்கும். ஓர் அங்குலம் 10 கெஜம். ஒரு முறை ஒரு நிமிடம். இக்கணக்கில் நமக்கு ஆயிரம் பொம்மைகள் வேண்டும். சம்பளக்காரர் ஒருவர் ஆயிரம் பொம்மைகளுக்கு வர்ணம் தீட்டி முடிப்பதற்குள் பணி ஓய்வு வந்துவிடும். ஆகவே, ஓர் அட்டைத் தட்டின்மேல் நான்கு பொம்மைகளை ஒட்டி, அத்தட்டு 200 பேரைக் குறிப்பதாகக் கொள்ளலாம். அப்போது ஆங்கிலேயருக்கு 40 தட்டுக்கள், பிரெஞ்சுக்காரருக்கு 60. ஓர் அங்குலத்தை 20 கெஜமாக்கினால், காடுகளுக்கு இடையே சுமார் 900 கெஜம் அகன்றிருந்த அந்தப் போர்க்களம் 45 அங்குலமாகி, நான்கடி மேசைக்குள் அடங்கிவிடும். ஆனால் நில அளவைப் பாதியாக்கினால், நடையும் அம்பு செல்லும் தூரமும் பாதியாக வேண்டும். இதை மறந்துவிட்டு வில்லுக்கு மட்டும் பழைய தூரத்தை வைத்துக்கொண்டு, ஆங்கில வில்லின் பெருமை பேசுபவர்களும் உண்டு.

அளவு விஷயத்தில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. 28 மில்லிமீட்டர் உயரமுள்ள பொம்மையை, ஓர் அங்குலம் 10 கெஜம் என்ற அளவுகோலால் அளந்தால், அவன் உயரம் 33 அடி. மூன்று மாடி வீட்டுக்குச் சமம். அகலத்தில் ஏறக்குறையப் பொய்யில்லை. ஓர் அங்குலத் தட்டில், ஆளுக்கு ஒரு கெஜம் வீதம் பத்துப் பேர் இரண்டு வரிசையாக நிற்பார்கள். இருபது பேர் கணக்குச் சரியாகிவிடும். ஆனால் தட்டின் ஆழமும் ஓர் அங்குலம்; அது பத்துக் கெஜம் ஆகிறது. இரண்டு வரிசை ஆட்களுக்குப் பத்துக் கெஜ ஆழம் எதற்கு? ஆழத்தில் பொம்மை எப்போதும் பொய் சொல்லுகிறது. இதனால் பின்னாலிருந்து முன்னே நெருக்கும் கூட்டத்தை மேசை தானாகக் காட்டுவதில்லை; விதிதான் காட்டவேண்டும். அஜின்கோரில் நடந்தது முக்கியமாக அந்த நெருக்கமே.

அன்று களம் புதிதாக உழுத நிலம். முந்திய இரவு முழுவதும் மழை. இருபுறமும் காடு. வில்லாளர்கள் தம் முன்னே கூராக்கிய மரக் கழிகளை நட்டிருந்தனர். பிரெஞ்சுக் குதிரைப்படை முதலில் பாய்ந்து, அம்புக்கும் கழிகளுக்கும் ஆற்றாமல் திரும்பியது. மிரண்ட குதிரைகள் பின்னால் நடந்து வந்துகொண்டிருந்த தம் காலாட்படைக்குள்ளேயே புகுந்து அதைக் கலைத்தன. அந்தக் காலாட்கள் எளியவர்கள் அல்லர். கவசம் பூண்ட பிரபுக்கள், முகமூடியை இறக்கிக்கொண்டு, சேற்றில் கால் புதையப் புதைய நடந்தவர்கள்.

இதை விதியாக்குவோம். பழைய அளவிலேயே சொல்லுகிறோம். கனத்த கவசக் காலாள் ஒரு முறைக்கு 6 அங்குலம் நடப்பான். நெடுவில்லின் எல்லை 21 அங்குலம். உலர்ந்த தரையில் 20 அங்குலத்தைக் கடக்க அவனுக்கு நான்கு முறை போதும். சேற்றில் நடை பாதி என்றால் ஏழு முறை. அம்பு மழையில் நிற்கவேண்டிய நேரம் நான்கிலிருந்து ஏழாகிவிட்டது. வில்லாளனின் வீரத்தில் ஒன்றும் கூட்டவில்லை. அடுத்தது களைப்பு. 2011-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், இடைக்காலக் கவசத்தை அணிவித்து மனிதர்களை இயந்திர ஓடுபாதையில் நடக்கவிட்டு மூச்சை அளந்தார்கள். சாதாரண நடைக்குச் செலவாகும் சக்தியைப்போல் ஏறக்குறைய இருமடங்கு செலவாயிற்று. அதுவும் சமதரையில். ஆகையால் சேற்றில் நகரும் ஒவ்வொரு முறைக்கும் தட்டின்மேல் ஒரு மிளகை வையுங்கள். மூன்று மிளகு சேர்ந்தால் பகடையில் ஒன்றைக் குறையுங்கள். ஆறு சேர்ந்தால் இரண்டு. மூன்றாவது, நெருக்கம். களம் குறுகும் இடத்தில் தட்டுக்கு இருபுறமும் இடமில்லாமல், பின்னாலும் தம் தட்டு ஒட்டி நின்றால், அது பின்வாங்க முடியாது. தோற்றால் ஓடுவதற்குப் பதிலாக அழியும்.

வில்லாளனுக்கும் கட்டுப்பாடு வேண்டும். ஓர் அம்புக்கட்டில் 24 அம்புகள். தேர்ந்தவன் நிமிடத்துக்குப் பத்து வரையில் எய்வான் என்றால், ஒரு கட்டு இரண்டரை நிமிடத்தில் தீர்ந்துபோகும். ஆளுக்கு இரண்டு கட்டு என்று வைத்துக்கொண்டு, வில்லாளர் தட்டு ஒவ்வொன்றுக்கும் ஐந்து புளியங்கொட்டை கொடுத்துவிடுங்கள். ஒரு முறை எய்தால் ஒரு கொட்டையை எடுத்துவிட வேண்டும். எதிரி ஏழு முறை நடக்கிறான், கையிலோ ஐந்து கொட்டை! எப்போது எய்யத் தொடங்குவது என்ற கவலை அப்போதுதான் ஆங்கிலத் தரப்பில் உட்கார்ந்திருப்பவருக்கு வரும். கொட்டை தீர்ந்தபின் வில்லைப் போட்டுவிட்டுக் கோடரியும் கொட்டாப்புளியும் ஏந்திக் கைகலப்பில் இறங்கலாம். அன்று அவ்வாறே இறங்கினார்கள். களைத்துச் சேற்றில் சிக்கிய பிரபுவை இலேசான உடையணிந்த குடியானவன் பக்கத்திலிருந்து தாக்கினான்.

இந்த விதிகளுடன் ஒரு முறையும், மழை பெய்யாததாகக் கொண்டு மறுமுறையும் ஆடிப் பாருங்கள். நம் குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் இதை ஆடும்போது, பிரெஞ்சுத் தரப்பை விரும்பி எடுத்துக்கொள்ளும் வங்காளி நண்பர் ஒருவர், மழை என்றதும் மிளகு டப்பாவை ஒளித்து வைத்துவிடுவார்.

இந்தப் போரில் விதிநூல்கள் பெரும்பாலும் தொடாமல் விட்டுவிடும் ஒரு பகுதி உண்டு. வெற்றி கைக்கு வந்தபின், சிறைப்பட்ட பிரெஞ்சு வீரர் பலர் ஆங்கிலேயரிடம் இருந்தனர். அந்த வேளையில் பின்புறத்து மூட்டை முகாம் தாக்கப்பட்டது. எதிரே இன்னும் ஒரு பிரெஞ்சு அணி கலையாமல் நின்றது. கைதிகளைக் கொன்றுவிடும்படி ஹென்றி கட்டளையிட்டார். பொம்மைகள் சிறைப்படும்போது அவற்றை எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டால் இது தெரியவே தெரியாது. நாம் ஒரு விதி வைத்திருக்கிறோம்: பிடிபட்ட தட்டு மேசையிலேயே இருக்கும், இரண்டு கைதித் தட்டுக்கு ஒரு காவல் தட்டு நிற்கவேண்டும், காவல் நிற்பது போரிட முடியாது. எதிரியின் மூன்றாம் அணி அசையும்போது, காவலில் கட்டுண்டு கிடக்கும் தம் தட்டுக்களை ஆடுபவர் பார்ப்பார். கொல்லலாம் என்று விதி எழுத வேண்டுமா? எழுதவில்லை. ஆனால் பிள்ளைகள் கூட ஆடும்போது, அன்று நடந்ததை அந்த இடத்தில் நிறுத்திச் சொல்லிவிடுகிறோம். சொல்லாமல் விட்ட விதி சரித்திரத்தைக் கழுவித் தருவதாகும்.

இனிப் பொம்மைகள். கடைகளில் விற்பவை பலவகை: 28 மில்லிமீட்டர், 15, 6 என்று. பெரியது அழகு, சிறியது கூட்டத்தைக் கூட்டமாகக் காட்டும். 1960-களில் இடைக்காலப் பொம்மைகள் அரிதாயிருந்தபோது, ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் விற்ற ராபின்ஹூட் கதையின் பிளாஸ்டிக் ஆட்களை வாங்கி, தலையை வெட்டி வேறு உடலில் ஒட்டியும், குண்டூசியை ஈட்டியாக்கியும் ஆர்வலர்கள் படை திரட்டினார்கள். இன்றும் அந்த முறை கெட்டுப்போகவில்லை. முகத்துக்கு நேரம் செலவிட வேண்டியதில்லை. கொடிக்கும் கேடயத்துக்கும் செலவிடுங்கள், மூன்றடி தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரிவது அவைதாம். பழைய உலோகப் பொம்மைகளில் காரீயம் கலந்திருக்கும். அவற்றைச் சுரண்டும் பொடி குழந்தைகள் கைக்குப் போகக்கூடாது. தொட்டபின் கை கழுவாமல் உண்ணலாகாது.

வெளிமாநிலத்தில் வாழும் நம்மவர்கள் அஜின்கோரோடு நிற்கவேண்டியதில்லை. டில்லியிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர் தூரத்தில் பானிப்பட்டு இருக்கிறது. 1526 ஏப்ரலில் அங்கே பாபரும் இப்ராகீம் லோடியும் பொருதனர். பாபர் சிந்து நதியைக் கடந்தபோது, வணிகர் ஏவலாளர் உட்பட 12,000 பேர் என்று தம் நினைவுக் குறிப்பில் எழுதுகிறார். எதிரியை ஓர் இலட்சம் வீரர், ஆயிரம் யானை என்று மதிக்கிறார். எழுதியவர் வென்றவர் என்பதை நினைவில் கொண்டு படிக்கவேண்டும். எனினும் களத்தின் அமைப்பைப் பற்றி அவர் தரும் விவரம் விதி வகுப்பவனுக்குப் புதையல். வலப்புறம் பானிப்பட்டு நகரம். இடப்புறம் அகழும் வெட்டிய மரக்கிளை வேலியும். நடுவில் 700 வண்டிகள், தோற்கயிற்றால் பிணைக்கப்பட்டவை. இரண்டு வண்டிகளுக்கு இடையே ஐந்தாறு மறைப்புக்கள்; அவற்றின் பின்னே துப்பாக்கி வீரர். ஓர் அம்பு விழும் தூரத்துக்கு ஒரு வாசலாக, நூறு இருநூறு குதிரைவீரர் பாய்ந்து செல்ல இடைவெளி.

மேசையில் வண்டிகளுக்குத் தீப்பெட்டியும் நூலும் போதும். ஐநூறு பேருக்கு ஒரு தட்டு என்றால் பாபருக்கு 24 தட்டு. இப்ராகீமுக்கு இலட்சம் என்றால் 200 தட்டு, மேசையில் இடமில்லை. களத்திலும் இடமில்லாமல்தான் இருந்தது. முகாமோடு வந்த கூட்டத்தை நீக்கி, 60 தட்டு வைத்து ஆடலாம். போர் சூரியன் ஓர் ஈட்டி உயரம் ஏறியபோது தொடங்கி நண்பகலில் முடிந்தது. ஒரு முறைக்கு ஒரு நிமிடம் என்று ஆடினால் நாள் போதாது. கால் மணி என்று வைத்தால் இருபது முறையில் அடங்கும். அளவுகோல் போருக்குப் போர் மாறவேண்டும் என்பதற்கு இதுவே சாட்சி.

இங்கே வேறொரு நூலின் விதி மிகவும் உதவுகிறது. 1990-இல் இங்கிலாந்தில் பில் பார்க்கர் முதலியோர் வெளியிட்ட 'டி பெல்லிஸ் ஆன்டிகுவிடாட்டிஸ்' என்ற சிறு நூலில், ஒவ்வொரு படைக்கும் பன்னிரண்டே தட்டு. ஒவ்வொரு முறையும் தளபதி ஒரு பகடையை உருட்டுவார். விழுந்த எண் எத்தனையோ அத்தனை கட்டளைகளே அவரால் இட முடியும். வரிசை குலையாமல் நேரே செல்லும் கூட்டம் முழுவதும் ஒரே கட்டளையில் நகரும். திரும்புவதற்கும் பிரிவதற்கும் தனித்தனிக் கட்டளை தேவை. ஆள் இருந்தும் ஆணை எட்டாத அவலத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன விதி வேறில்லை. இப்ராகீமின் 60 தட்டுக்கும் ஒரே பகடை கொடுங்கள். முன்னே பாய்வது எளிதாயிருக்கும். முன்வரிசை வண்டிகளைக் கண்டு தயங்கும்போது பின்வரிசை வந்து நெருக்கும். பாபரின் இரு கோடி அணிகளும் சுற்றி வளைத்துப் பின்புறம் தாக்கும்போது, திரும்பிப் பார்க்கக் கட்டளை மிஞ்சாது. அஜின்கோருக்கு எழுதிய நெருக்க விதி 111 ஆண்டுக்குப் பின்னர், சேறே இல்லாத களத்தில், ஓர் எழுத்தும் மாறாமல் பொருந்துகிறது.

பாபருக்கு மூன்று பகடை கொடுக்கிறோம்: நடுவுக்கு ஒன்று, ஹுமாயூன் நின்ற வலப்பக்கத்துக்கு ஒன்று, இடப்பக்கத்துக்கு ஒன்று. இதுவும் வேறு உருவத்தில் வந்த வீர மதிப்பெண்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எந்தப் பக்கத்துக்கு யார் யார் தலைவர் என்பது பெயர் பெயராக நூலில் இருக்கிறது; அந்த ஏற்பாட்டுக்குத்தான் பகடை. அந்தத் தலைவன் விழுந்தால் அவன் பகடையும் போய்விடும். வீரம் என்று எழுதிய எண்ணோ, ஆட்டம் முடியும்வரை யாராலும் தொட முடியாமல் நிற்கும்.

தலைவன் விழும் விதிக்கு நம் நாட்டிலேயே பழைய சான்று உண்டு. கி. பி. 949-இல், இன்றைய இராணிப்பேட்டை மாவட்டத்துத் தக்கோலத்தில், சோழ இளவரசர் இராசாதித்தர் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுடன் பொருது, யானைமேல் இருந்தபடியே உயிர் துறந்தார். ஆனைமேல் துஞ்சினவர் என்றே பிற்காலத்தார் அவரைக் குறித்தனர். யானைமேல் அமர்ந்த தலைவனைப் படை முழுவதும் காணும், எதிரியும் காண்பான். ஆகவே யானைத் தட்டில் தளபதியை வைத்தால் கட்டளைப் பகடையில் ஒன்றைக் கூட்டுங்கள். அவர் மேல் எய்யும் அம்புக்கும் ஒன்றைக் கூட்டுங்கள். அவர் விழுந்தால் பன்னிரண்டு அங்குலத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு தட்டும் பகடை உருட்டி, ஒன்றோ இரண்டோ விழுந்தால் பின்வாங்க வேண்டும். மிரண்ட யானை எத்திசை செல்லும் என்பதையும் பகடையே சொல்லட்டும்: ஒன்றும் இரண்டும் எதிரியை நோக்கி, மூன்றும் நான்கும் பக்கவாட்டில், ஐந்தும் ஆறும் தன் படைக்குள்.

பானிப்பட்டை ஆடும்போது இரண்டு ஆட்டம் ஆடி, பக்கத்தை மாற்றிக்கொள்வது வழக்கம். இரண்டாம் ஆட்டத்தில் இப்ராகீமுக்கும் மூன்று பகடை கொடுத்துப் பாருங்கள். மூன்றாவதில் வண்டிகளை எடுத்துவிடுங்கள். நான்காவதில் வண்டியை வைத்துத் துப்பாக்கியை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் எந்த முறையில், எந்தத் தட்டு, எந்த விதியால் விழுந்தது என்பதை ஒரு நோட்டுப்புத்தகத்தில் குறித்துவரும் வேலையை வீட்டுப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம். இப்ராகீம் தரப்பில் உட்காரும் பிள்ளை தோற்றுவிட்டு, இன்னொரு பகடை இருந்திருந்தால் என்று முணுமுணுக்கும்.